பானெட்டில் பூசிய ரத்தம்

மார்செல் தன் அப்பாவின் பிடரியைப் பிடித்துக் குனியவைத்தான். கிழவரின் மூக்கு கறுப்பு பானெட்டை உரசும் அளவுக்கு அழுத்தினான். "நல்லாப் பாரு. கண்ணு தெரியுதுல்ல, பாரு." கிழவரின் வெள்ளைக் கம்பளித் தொப்பி தலையிலிருந்து கழன்று, பானெட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போய் முன்விளக்குக்குக் கீழே சேற்றில் விழுந்தது. முதுகுக்குப் பின்னால் குதிரைச் சாட்டையைப் பிடித்திருந்த அவர் கை இறுகியது. மகனின் ஜீப்பில் உட்கார்ந்து நகரத்துக்கு வந்தவர், குதிரையை ஊரில் விட்டுவிட்டுச் சாட்டையை மட்டும் எடுத்து வந்திருந்தார்.

எர்னிஸ் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு நின்றான். தண்ணீர் தீர்ந்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தான். கரகோல் நகரத்தின் கிழக்கு ஓரத்தில், பழைய ராணுவக் கிடங்குகளைத் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்த வரிசையில் அவனுடையது கடைசிக்கு முந்தையது. வண்டிகளுக்குப் பாலிஷ் போடுவதுதான் அவன் பிழைப்பு. வாசலில் நின்றால் மலை முழுக்கப் பனி. ஏப்ரல் வெயில் அந்தப் பனியில் பட்டுத் திரும்பி, இரண்டு மடங்காக வந்து வண்டியின் மேல் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் பானெட் தன்னுடைய எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. சூரியனின் பிம்பத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான மெல்லிய வட்டக் கீறல்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, முடியைவிட மெல்லிசாக. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் அதைச் சிலந்திவலை என்பார்கள். அழுக்குத் துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்த எல்லாக் கறுப்பு வண்டியிலும் அது இருக்கும். ஆனால் இப்படி ஒன்றை எர்னிஸ் பார்த்ததில்லை. யாரோ கோபத்தோடு நெய்த வலை போலிருந்தது. வலைக்கு அடியில் விரல்தடிமனுக்கு மங்கலான மூன்று பட்டைகள், கண்ணாடியிலிருந்து விளக்கு வரைக்கும்.

"புது வண்டிக்கு ஆடு வெட்டணும்னாரு, சரின்னேன்," என்றான் மார்செல். கிழவரின் கழுத்தை விட்டுவிட்டுக் கையைத் தன் கோட்டில் துடைத்துக்கொண்டான். "டயர்ல ஒரு சொட்டு வைப்பாங்க, பம்பர்ல ஒரு சொட்டு வைப்பாங்க. இவரு பானெட் முழுக்கப் பூசி வச்சிருக்காரு. நான் தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள வெயில்ல காஞ்சு பொருக்காயிருச்சு. நான் ரெண்டு வார்த்தை கத்தினேன். உடனே என்ன பண்ணாருன்னு கேளு. கேளு நீயே."

எர்னிஸ் கேட்க விரும்பவில்லை. "என்ன பண்ணீங்க ஐயா?"

"தேச்சேன்."

"எதால?"

"சேணத்துக்கு அடியில போடுற கம்பளி. கொஞ்சம் சாம்பலும் போட்டேன். சாம்பல் போட்டா ரத்தம் போயிரும்."

பக்கத்துக் கிடங்கில் டயர் கடை வைத்திருக்கும் துங்கன் இனத்தைச் சேர்ந்த இஸ்ஹார் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தவன் நின்றான். "போகும் ஐயா, நல்லாவே போகும். எங்க வீட்டுக் கொப்பரைக்கும் அதுதான்," என்றான். மார்செல் திரும்பிப் பார்த்ததும், டயரைத் தட்டி உருட்டிக்கொண்டு, வந்த வழியே போனான்.

மதியம் மார்செலின் முதலாளி வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் முதலில் போகப்போவது இந்த வண்டி. வீடியோ எடுக்கிறவன் முன்னால் திறந்த வண்டியில் உட்கார்ந்து, வழி நெடுக இந்த பானெட்டைத்தான் எடுத்துக்கொண்டு வருவான். "பானெட் மட்டும் போதும். கண்ணாடி மாதிரி வேணும். முடியுமா முடியாதா, இப்பவே சொல்லு."

முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். இந்த மாதிரி ஆட்களை எர்னிஸுக்குத் தெரியும். அவனே அந்த மாதிரி ஆள்தான், அல்லது போன இலையுதிர்காலம் வரை அப்படி இருந்தான். ஒரு விருந்தில் மைத்துனன் ஏதோ கிண்டல் செய்தான். என்ன கிண்டல் என்றுகூட இப்போது நினைவில்லை. நினைவிருப்பதெல்லாம் மைத்துனனின் முன்பல் விருந்துக்கு விரித்த துணியில் ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே கிடந்ததும், அதற்குப் பிறகு ஒரு நொடி கழித்துத்தான் தன் தோள் மேல் மகள் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்ததும். பெர்மெத் பின்பக்கமாக விழுந்திருந்தாள். காறை எலும்பு முறிந்திருந்தது. அழவில்லை. மூச்சுக்குத் திணறியபடி அவனையே பார்த்தாள். அவன் மனைவி சாய்ரா அன்றே மகளைத் தூக்கிக்கொண்டு கோச்கோரில் இருக்கும் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். குளிர்காலம் முழுக்கப் போனில் அவள் சொன்னது ஒன்றுதான்: "யார் மேலயும் கை வைக்கக் கூடாது. எதுக்காகவும். எவன் என்ன பண்ணாலும். இன்னொரு தடவைன்னா எனக்குத் தெரிஞ்சிரும், அன்னைக்கே முடிஞ்சிரும்." குளிர்காலம் முழுக்க அவன் யார் மேலும் கை வைக்கவில்லை. இன்று சாயங்காலம் கோச்கோர் வேனில் அவர்கள் வருகிறார்கள். இன்று ஒரு நாளை வேலை செய்து கடத்திவிட்டால் போதும் என்று காலையில் எழுந்ததுமே நினைத்திருந்தான்.

"முடியும்," என்றான். "வண்டிய உள்ள விடுங்க."

கழுவினான். பெயிண்டைச் சுத்தம் செய்யவென்றே விற்கும் களிமண் கட்டியால் தடவித் தடவி, ஒட்டியிருந்த சாம்பல் துகள்களை எடுத்தான். விளிம்புகளிலும் பானெட்டின் நடுவே ஓடும் மடிப்பிலும் காகித டேப் ஒட்டினான். விளிம்பில் பெயிண்ட் மெல்லிசு. பாலிஷ் மெஷின் அங்கே ஒரு கணம் தங்கினால் போதும், மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு கருகி, கறுப்பு போய், அடியில் இருக்கும் சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும். பிறகு எந்த மருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. கீறலை எடுப்பது என்று பேர்தான். உண்மையில் கீறலை யாராலும் எடுக்க முடியாது. கீறலைச் சுற்றி நல்லதாக இருப்பதையெல்லாம் அது இருக்கும் ஆழத்துக்குத் தேய்த்து இறக்க வேண்டும். எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்ததும் வெளிச்சம் இடறாமல் வழுக்கிப் போகும், பார்க்கிறவன் கீறல் போய்விட்டது என்பான். சாய்ரா இல்லாத மாதங்களில் எர்னிஸ் இதைப் பற்றி நிறைய யோசித்திருந்தான். யோசிக்க யோசிக்க, இதில் எங்கேயோ தனக்கு ஒரு ஆறுதல் இருப்பதுபோலவும், அதைத் தொடப்போகும்போது அது நகர்ந்துபோவதுபோலவும் இருக்கும்.

மெஷினின் பஞ்சு வட்டில் பாலிஷ் மருந்தை வைத்து, சுவிட்சைப் போட்டான். அழுத்தக் கூடாது. மெஷினின் எடையே போதும். ஆரம்பத்தில் அவன் அழுத்தி அழுத்தி எத்தனையோ வண்டிகளைப் பாழாக்கியிருக்கிறான். இப்போது கை தானாகவே மிதக்கும். குறுக்கே ஒரு முறை, நெடுக ஒரு முறை, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். துணியால் ஒற்றி எடுத்து, விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோது முதல் கட்டத்தில் வலை போயிருந்தது. ரத்தத்தின் பட்டை மட்டும் மங்கலாக நின்றது. ரத்தம் பெயிண்டைத் தின்றிருந்தது. அதற்கு மறுபடி, இன்னும் மறுபடி போக வேண்டும்.

போன் வந்ததும் மார்செல் வெளியே போனான். கிழவர் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார். சேற்றில் கிடந்த தொப்பியை அவர் எடுக்கவில்லை. எடுத்தால் அது விழுந்ததை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. மெஷினை நிறுத்தி வட்டு மாற்றும்போது, அவர் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "இவன் மலைக் கணவாயில ரொம்ப வேகமாப் போறான். ஒரு சொட்டு பத்தாதுன்னு தோணிச்சு."

"ம்."

"இவன் அண்ணன் வண்டிக்கு ஆடு வெட்டல. அந்த வருஷம் பனியில மந்தையே போயிருச்சு. வசந்தத்துல வெட்டிக்கலாம்னு விட்டேன்." சாட்டையின் தோல்வாரை விரலில் சுற்றினார். "வசந்தத்துக்கு அவன் இல்ல."

எர்னிஸ் மெஷினைப் போட்டான். அதன் இரைச்சல் இருவருக்கும் உதவியாக இருந்தது. அந்த இரைச்சலுக்குள்ளும் வெளியே மார்செல் பேசுவது வாசல் வழியாகத் தெரிந்தது. குரல் கேட்கவில்லை, முதுகு மட்டும் தெரிந்தது. முதலாளி போலும். முதுகு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொண்டே போனது. எதிரில் ஆளே இல்லாமல் அவன் தலையைத் தலையை ஆட்டினான். ஒருமுறை மார்பில் கைவைத்துக் குனியவே செய்தான்.

அவன் உள்ளே வந்த நேரம் மோசமான நேரம். எர்னிஸ் பானெட்டின் முக்கால்வாசியை முடித்துவிட்டு, நடு மடிப்புக்குப் பக்கத்தில் கடைசிப் பட்டையில் வேலைசெய்துகொண்டிருந்தான். முடிந்த பக்கம் குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. மெஷினிலிருந்து தெறித்த மருந்து அதன் மேல் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. கிழவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், எழுந்து வந்து, கோட்டின் கைப்பகுதியை இழுத்து உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, பொட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தார். வட்டம் வட்டமாக, உதவியாக இருக்கட்டும் என்று. எர்னிஸ் அதைப் பார்த்து வாய் திறப்பதற்குள் மார்செல் வந்துவிட்டான்.

முதல் அறை காதில் விழுந்தது. இரண்டாவது வாயில். இரண்டாவது அறையின் சத்தம் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. ஈரத்துணியைக் கல்லில் அடித்தது போன்ற சத்தம். கிழவர் விழவில்லை, பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதட்டிலிருந்து ரத்தம் பாலிஷ் போட்ட கறுப்பின் மேல் சொட்டியது. மார்செல் அதைப் பார்த்தான். "திரும்பவும் பூசுறியா? உனக்கு இன்னும் பத்தலையா?" என்று சொல்லி மூன்றாவது முறை அடித்தான். இம்முறை முஷ்டியால்.

எர்னிஸின் கைகள் நின்றுவிட்டன.

பிறகு பல நாள் அவன் அந்தக் கணத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கப்போகிறான். கை தானாக நின்றதா, அவன் நிறுத்தினானா? முதலில் தானாக நின்றது என்றே வைத்துக்கொண்டாலும், வட்டு ஒரே இடத்தில் சுழல்வது அவனுக்குத் தெரிந்தது. டேப் சுருண்டு பிய்ந்து பறந்தது தெரிந்தது. பிளாஸ்டிக் தீய்வது போன்ற வாடை மூக்கில் ஏறியது. தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. மாதக்கணக்காக மிதக்கப் பழகிய கை மெல்ல மெல்லக் கனத்து, தோளின் எடையை, முதுகின் எடையை, உடம்பு மொத்தத்தின் எடையையும் மெஷினுக்குக் கொடுத்தது. மடிப்பின் மேல் கறுப்பு கலங்கியது, பழுப்பாகியது, சாம்பல் நிறம் ஒரு கண்ணைப் போலத் திறந்தது. அதற்கும் அடியில் இரும்பு மினுங்கியது. அப்போதுதான் சுவிட்சை அணைத்தான். மெஷினைத் துணி விரித்த மேசையில் மெதுவாகச் சாய்த்து வைத்தான்.

மார்செல் பெயிண்டில் விழுந்த அந்த ஓட்டையைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபத்துக்கு முன்னால் வேறு ஏதோ வந்துபோனது. முதலாளியிடம் என்ன சொல்வது என்று தெரியாத பையனின் முகம். பிறகு வந்தான்.

முதல் குத்து காதுக்கு மேலே. எர்னிஸுக்கு வலிக்கவில்லை. அவன் உடம்பு முழுக்க விழித்துக்கொண்டது, அவ்வளவுதான். மார்செல் இடது தோளைத் திறந்து போட்டுக்கொண்டு அடிக்கிறான், கழுத்துக்கும் தாடைக்கும் இடையே கைப்பிடி அகலத்துக்கு இடம் இருக்கிறது, ஒரே அடி, கீழேயிருந்து மேலே. எர்னிஸின் வலது கை அதைக் கேட்டு நின்றது, கட்டிப்போட்ட நாய் மாதிரி. அவன் அந்தக் கையை இடது கையால் பிடித்தான். இரண்டையும் கொண்டுபோய்ப் பின்கழுத்தில் கோர்த்துக்கொண்டு முழங்காலில் விழுந்தான். உதைகள் விலாவில் விழுந்தன. "எழுந்திருடா. எழுந்து அடிடா நாயே. பொட்டையா நீ?" கேட்டுக்கொண்டே உதைத்தான் மார்செல். எர்னிஸ் பக்கவாட்டில் சரிந்தான். கோர்த்த கைகள் பிரிந்து, வலது கை தரையில் ஊன்றியது. பூட்ஸ் அதன் மேல் ஏறி நின்று, சிகரெட்டை அணைப்பதுபோல ஒருமுறை திருகியது. விரல் முட்டிகளின் தோல் சிமெண்ட் தரையோடு உரிந்து போவதை அவன் உணர்ந்தான்.

"விலகு," என்றது ஒரு குரல். காலையிலிருந்து கேட்காத குரல். மந்தையின் அந்தக் கோடிக்குக் கேட்கப் பழகிய குரல். மார்செல் விலகினான்.

எர்னிஸ் தலையைத் தூக்கினான். கிழவர் நின்றுகொண்டிருந்தார், தாடியில் ரத்தம், கையில் சாட்டை முழுநீளத்துக்கு அவிழ்ந்து தொங்கியது. எர்னிஸுக்குள் ஒரு மகிழ்ச்சி பொங்கியது. அப்பன் மகனை அடிக்கப்போகிறான், எல்லாம் நேராகப்போகிறது என்று நினைத்தான். சாட்டை காற்றில் விசிறியது. அது அவன் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் இறங்கியது.

கண் இருண்டது. இரண்டாவது அடி தோளில், மூன்றாவது முதுகில். குதிரையை அடிக்கிறவரின் அடிகள். அவசரமில்லாமல், ஒன்று விழுந்து வலி பரவி முடிந்த பிறகுதான் அடுத்தது. "என் பிள்ளையோட வண்டி," என்றார் கிழவர் ஒவ்வொரு அடிக்கும். "என் பிள்ளையோட வண்டி." பிறகு மூச்சு வாங்க நின்றார். குனிந்தார். எர்னிஸின் காதுக்குப் பக்கத்தில் வந்து, மகனுக்குக் கேட்காதபடி, கிட்டத்தட்டக் கெஞ்சுவதுபோலச் சொன்னார்:

"நீ ஏன்டா பாத்த?"

அதன் பிறகு அவர்கள் போனார்கள். மார்செல் சேற்றிலிருந்து தொப்பியை எடுத்தான். தன் கோட்டில் தேய்த்துத் தேய்த்துச் சேற்றைத் துடைத்தான். அப்பாவின் தலையில் அவனே வைத்து, முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். கிழவர் ஏறினார். வண்டி பின்பக்கமாக வெளியேறி, ஓட்டை விழுந்த பானெட்டோடு வெயிலில் போனது.

இஸ்ஹார் அப்போதுதான் ஓடிவந்தான், கையில் நீளமான டயர் நெம்புகோலோடு. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்ததால் எதுவும் கேட்கவில்லை என்றான். எர்னிஸைத் தூக்கி உட்காரவைத்தான். குளிர்ந்த தண்ணீரைத் தலையில் ஊற்றினான்.

"ஏன்டா, உன் கை என்ன வாடகைக்குப் போயிருந்துச்சா? அந்த ஆள ஒரே தட்டுல படுக்க வச்சிருப்பியே."

"சாய்ரா வர்றா இன்னைக்கு."

இஸ்ஹார் நெம்புகோலைக் கீழே வைத்தான். "சரி. நானும் வர்றேன் பஸ் ஸ்டாண்டுக்கு. நடந்ததச் சொல்றேன். நீ ஒரு அடிகூட அடிக்கலன்னு அல்லா மேல சத்தியம் பண்றேன்."

"போன தடவையும் நீதான் சொன்ன. என்னைக் குதிரை உதைச்சிருச்சுன்னு."

"அது உன்னக் காப்பாத்த."

"அதுக்கு முன்னாடி ஐஸ்ல வழுக்கிட்டேன்னு."

இஸ்ஹாருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எர்னிஸின் முகத்தைப் பார்த்து அடங்கிப்போனான். "நான் இன்னைக்குன்னு பாத்து உண்மையச் சொல்லலாம்னு பாத்தேன்," என்றான்.

கோச்கோர் வேன் பொழுது சாயும்போது வந்தது. ஏரிப் பக்கமிருந்து வீசிய காற்றில் பஸ் ஸ்டாண்டின் தகரக் கூரை அடித்துக்கொண்டது. எர்னிஸ் தனியாகத்தான் வந்திருந்தான், கழுவிய சட்டை போட்டிருந்தான். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் இறங்கிய தடிப்பு வீங்கி, ஒரு கண்ணை முக்கால்வாசி மூடியிருந்தது. வேனின் கதவு இழுபட்டுத் திறந்தது. உள்ளே மஞ்சள் வெளிச்சத்தில், கடைசி சீட்டில் பெர்மெத் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள். சாய்ரா துணி மூட்டையை முதலில் இறக்கினாள். ஒரு காலைப் படியில் வைத்துக் குனிந்து இறங்கப்போனவள், அவனைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

முகத்தை ஒருமுறைதான் பார்த்தாள்.

"கையக் காட்டுங்க."

அவன் இரண்டு கைகளையும் நீட்டினான். வலது கையின் முட்டிகளில் தோலே இல்லை. நான்கு முட்டிகளிலும் சிவந்த சதை, ஓரங்களில் காய்ந்த ரத்தம். அந்தக் கையை அவள் எத்தனையோ முறை இதே நிலையில் பார்த்திருக்கிறாள். மருந்து போட்டிருக்கிறாள்.

"நான் அடிக்கல, சாய்ரா."

"முகத்துல அவன் அடிச்சான். சரி. கைய யாரு அடிச்சா?"

"மிதிச்சான். கீழ விழுந்தப்போ." தன் குரல் அவனுக்கே கேட்டது. பொய் சொன்ன நாட்களில் இருந்த அதே குரல், அதே அவசரம். உண்மைக்கென்று தன்னிடம் வேறு குரல் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப்பார்த்தான். கிடைக்கவில்லை.

"கதவச் சாத்துங்கம்மா, குழந்தைங்க இருக்கு, குளிருது," என்றாள் உள்ளே ஒருத்தி.

"தங்கச்சி," என்றார் டிரைவர், ஸ்டியரிங்கில் கைபோட்டுத் திரும்பிப் பார்த்து. "இறங்குறியா, இல்ல என்கூடவே திரும்பக் கோச்கோருக்கு வர்றியா? நான் இப்பவே கிளம்புறேன். எதுன்னாலும் சொல்லிரு."

சாய்ராவின் ஒரு கால் வேனுக்குள், ஒரு கால் படியில். குனிந்து அவன் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளேயிருந்து வரும் வெளிச்சத்துக்கு இழுத்தாள். புண்ணைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். நடுவிரல் முட்டியின் சதைக்குள் ஏதோ பதிந்திருந்தது. நகத்தால் கிள்ளி அதை எடுத்தாள். அவனுக்கு வலித்தது, கையை இழுக்கவில்லை. அவள் ஆட்காட்டி விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு மணல் துகள், கிடங்குத் தரையின் சிமெண்டில் கலந்த சாம்பல் நிற மணல். டிரைவர் எஞ்சினைப் போட்டார். வேன் முழுக்க அதிர்ந்தது, படியில் இருந்த அவள் கால் அதிர்ந்தது. அந்த மணல் விழுந்துவிடாதபடி விரலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.